ஒரு மாதம் தள்ளி விதைப்பவர்

ஜூன் 9

சலூனில் நல்ல கூட்டம். என் தலையில் வெட்ட அதிகம் மிச்சமில்லை. நான் போவது வாய்க்குத்தான். தங்கை வீட்டுக்காரரின் மக்காச்சோள வயலை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் போடுவது மரபணு மாற்றிய விதை. மாப்பிள்ளை போடுவது பழைய விதை. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் காற்று மகரந்தத்தைக் கொண்டுவந்து கொட்டிவிடும். அதனால் ஏழு வருடமாகப் பெரியவர் ஒரு மாதம் தள்ளி விதைக்கிறார். பத்திரம் கிடையாது. மாப்பிள்ளை கேட்டார், அவர் சரி என்றார், அவ்வளவுதான். அந்தச் சோளம்தான் என் மில்லில் மாவாகி, 'மரபணு மாற்றம் செய்யாதது' என்று அச்சடித்த பையில் போகிறது.

"எங்க மாப்ள கொடி காட்டினாத்தான் அவரு வண்டி கிளம்பும். மனுசன் சொந்த நெலத்துலயே வாடகைக்கு இருக்காரு!" என்றேன். கடையே சிரித்தது. கத்தரிக்காரர் சிரித்த சிரிப்பில் என் காது தப்பியதே பெரிது.

ஜூன் 12

மாப்பிள்ளை விதைத்தாயிற்று.

ஜூன் 13

பெரியவரும் விதைத்துவிட்டார். மறுநாளே! மாப்பிள்ளை ஓடிப்போய்க் கேட்டதற்கு, "நான் ஒண்ணும் என் நெலத்துல வாடகைக்கு இல்லப்பா" என்றாராம்.

"என்ன மச்சான் இது? யாரு என்ன சொன்னாங்கன்னே தெரியலயே" என்று என்னிடமே வந்து கேட்கிறார். அழித்துவிட்டு மறுபடி போட அவரிடம் விதையும் இல்லை.

யாருக்குத் தெரியும் என்றேன். பொய் சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை.

ஜூன் 20

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் அவரைப் பார்த்ததும் என் வாய், "என்ன, கொடி காட்டாமலே கிளம்பிட்டீங்க போல" என்றது. சத்தியமாக அதைத்தான் சொன்னது. கதவு சாத்தப்பட்டது.

ஆகஸ்ட் 10

இரண்டு வயலும் சேர்ந்து பூத்துவிட்டன. மாப்பிள்ளை வரப்பில் நின்று விரலை எச்சில் செய்து காற்றைப் பார்க்கிறார். எங்கள் பக்கம்தான் அடிக்கிறது.

"ஓர வரிசைய மட்டும் தனியா அறுத்துடலாம் அண்ணா. நடுவுல இருக்கறது தப்பிச்சிடும்ல?" என்றாள் தங்கை. தலையாட்டினேன்.

அக்டோபர் 3

மணிகளை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, அதில் சோதனை ஸ்ட்ரிப்பை விடவேண்டும். ஒரு கோடு வந்தால் சுத்தம், இரண்டு வந்தால் கலப்பு. "ஊர்ல அவனவன் ரெண்டு கோட்டுக்குத் தவம் கிடக்கான், நீங்க ஒரு கோட்டுக்கு" என்று மனைவி வருடா வருடம் கிண்டல் செய்வாள். இன்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ஓர வரிசை: இரண்டு. நடு வயல்: இரண்டு.

"இன்னொரு மூட்டையில பாருங்க மச்சான்."

இரண்டு.

தங்கை மெதுவாக, "பை மேல எழுதியிருக்கறத யாரு அண்ணா சோதிச்சுப் பாக்கப் போறா?" என்றாள்.

யாரும் பார்க்கப்போவதில்லை. குழந்தைக்கு மாவு வாங்கும் டீச்சர் போனில், "நம்பி வாங்கலாம்ல?" என்பார். "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்பேன். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குகிறார் —

இந்தச் சோளத்தை மில்லுக்கு எடுக்க முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சலூனில் பேசியதையும் சொன்னேன்.

மாப்பிள்ளை மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். ஒன்றுக்குக் கை கொடுக்கப் போனேன். "விடுங்க" என்றார்.

அக்டோபர் 8

எல்லாம் கோழித் தீவனத்துக்குப் போய்விட்டதாம்.

டீச்சர் கூப்பிட்டார். மாவு இல்லை என்றேன். "அப்ப வேற யாருகிட்ட வாங்கறது?" என்றார். இத்தனை பேசுகிறவனிடம் சொல்ல ஒரு பேர் இல்லை.

ஜனவரி 21

மில்லில் காலிப் பைகள். எலிக்குக்கூட வேலையில்லை.

ஜூன் 14

மாப்பிள்ளை இன்று விதைத்தார். பெரியவரும் இன்றேதான். ஒரே டிராக்டர், ஒரே மரபணு மாற்றிய விதை. பழைய விதைதான் கலந்துபோயிற்றே. இருவரும் வரப்பில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தங்கை, "வா" என்றாள். 'அண்ணா' என்று சேர்க்கவில்லை.