நூற்றுப்பத்து றாத்தல்

இன்று காலை வேட்டியை மடிக்கும்போது நடுவே ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாடை. மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைக்குத் தேயிலைக் கொழுந்து இறக்கிய இரும்புக் கம்பியைக் கழற்றி, துணி உலர்த்த வீட்டுக்குக் கொஞ்சமாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மழை பட்டும் அந்த வாடை போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

கம்பி வந்தது, சிலோன் சுதந்திரம் வாங்கிய கையோடு தோட்டத்து ஆட்களான நம் வாக்குரிமையைப் பறித்ததற்கு மறு வருடமோ, அதற்கும் அடுத்ததோ. அதுவரை கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து இரண்டு மணி நேரம் இறங்கினீர்கள். முதல் மரப்பெட்டி பனிக்குள் தொங்கியபடி போய், பன்னிரண்டாவது நிமிடம் தொழிற்சாலையைத் தொட்டபோது பெண்கள் குலவையிட்டார்கள். உச்சியில் நான் கொழுந்தை எடை போட்டுச் சீட்டு எழுதும் நிறுவைக் கிளாக்கர். மழை நாளில் ஈரக் கொழுந்தில் தண்ணீருக்கென்று எடையைக் கழிப்பதும் என் வேலை. நீ பெட்டியில் சாக்கு ஏற்றுபவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நாம். இருந்தும் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாய், கொஞ்சம் கேலியோடு.

“பாருங்க ஐயா, இன்னும் பத்து வருசத்துல லயத்து வீட்டு வாசலுக்கே கம்பி வரும். பொஞ்சாதி புள்ளைங்களோட பெட்டியில குந்திக்கிட்டு அட்டன் டவுனுக்குப் படம் பாக்கப் போவேன். நீங்க இங்கயே நின்னு நிறுத்துக்கிட்டு இருங்க.”

நான் சிரித்துக்கொண்டே அறிவிப்புப் பலகையைக் காட்டினேன்: ‘கொழுந்து மட்டும். ஆட்கள் ஏறக் கூடாது.’

அந்த ஆடி மழையில் ஈரத் தளத்தில் நீ வழுக்கினாய். வந்துகொண்டிருந்த பெட்டியின் முனை உன் வயிற்றில் இடித்தது. ரத்தம் வெளியே வரவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. கீழே தொழிற்சாலையில் லொறி நின்றது. அதில் ஏற்றிவிட்டால் ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான்.

“பெட்டியில வச்சு அனுப்புங்க ஐயா, யாரு பாக்கப் போறா?” என்றாள் கொழுந்து கொண்டுவந்த பெண்களில் மூத்தவள். நான் டெலிபோனைச் சுற்றினேன். கீழே தொழிற்சாலைப் பொறுப்பில் இருந்த டீமேக்கர், “தொரையக் கேக்காம நான் என்னத்தச் சொல்றது? இருங்க, பங்களாவுக்கு ஆள் அனுப்புறேன்” என்றார்.

இருந்தேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை நீ பார்த்தாய். சாக்கில் கிடந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்று மூன்று பெட்டிக் கொழுந்தை எடை போட்டு, சீட்டு எழுதி அனுப்பினேன். கம்பளியில் கிடந்தபடி ஒவ்வொன்றும் பனிக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்காவது வெறும் பெட்டி வந்து நின்றது.

“என்னையும் கொழுந்துன்னு எழுதிருங்க ஐயா. நூத்திப்பத்து றாத்தல். வேணும்னா தண்ணிக்கு நாலு றாத்தல் கழிச்சுக்கங்க.”

ஒருத்தி சிரித்துவிட்டு அழுதாள். நான் சீட்டை எடுத்தேன். எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. பெட்டி பாதியில் நின்றுவிட்டால்? என் வேலை போய்விட்டால்? எது முதலில் தோன்றியது என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்கும்.

கடைசியில் கம்பளியில் தொட்டில் கட்டி நான்கு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நீங்கள் பாதி வழி போயிருக்கமாட்டீர்கள், டெலிபோன் அடித்தது. “தொரை சரின்னுட்டாரு. அனுப்புங்க.” பெட்டி அங்கேயே நின்றது. தொழிற்சாலை வாசலுக்கு வரும் முன்பே உன் மூச்சு அடங்கியிருந்தது.

இப்போது உச்சிவரை ரோடு வெட்டி லொறி வருகிறது. லொறியிலும் அதே பலகைதான். போன வாரம் நிறைமாதக்காரி ஒருத்தி மழையில் அதன் பின்னால் நடந்து போனாள். டிரைவரிடம் சொல்ல வாசல்வரை போனேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் லொறி போய்விட்டது.

அந்தச் சீட்டு என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கொழுந்து, நூற்றுப்பத்து றாத்தல் என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. ஆனால் அடியில், சிறிய எழுத்தில், தண்ணீருக்கு நாலு போக நூற்றாறு என்று இருக்கிறது. நீ விளையாட்டுக்குச் சொன்னாய். நான் கழித்திருக்கிறேன்.