தொண்டைமானாற்றங்கரையில் நீர் சொன்னது

காலையில் தொண்டைமானாற்றங்கரைப் பூங்காவுக்குப் போய் வந்தேன். கிணற்றடியில் செருப்பைக் கழுவும்போது ஆற்றோரக் கண்டல் மரங்களின் சேற்று மணம் எழுந்தது. உப்பும் அழுகிய இலையும் கலந்த மணம். அங்கே உம்மோடு நடந்த காலை நினைவுக்கு வந்தது.

இலண்டனிலிருந்து நீர் கடைசியாக வந்த மார்கழி அது. உடுப்பிட்டியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். உம்முடைய அண்ணையைப் பற்றி நீர் கதைத்தால் கேட்பேன். நானாக ஒன்றும் கேட்கமாட்டேன். சண்டைக் காலத்தில் இந்த ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்துதான் அவர் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. அதன்பிறகும் தொலைபேசியில், "இந்த ஆவணியோடை அண்ணைக்கு அறுபது," என்பீர். "அண்ணை வந்தால் உமக்குத்தான் முதல் சொல்லுவன்," என்பீர். நான் "ஓம்" என்பேன்.

பூங்கா வாசலில் ஆற்றின் வரலாற்றை எழுதி வைத்திருந்த பலகையை முழுதும் வாசித்தீர். உப்பு ஏற்ற வெட்டிய வாய்க்கால், கடல்நீரை மறிக்கும் கதவுகள், மாரியில் வரும் பறவைகள்.

"வள்ளத்திலை போன சனத்தைப் பற்றி ஒண்டும் இல்லை," என்றீர்.

பக்கத்தில் நின்ற காவலாளி, "தெரிஞ்சதைச் சொல்லுங்கோ அம்மா. மேலிடத்திலை சொல்லி எழுதுவிக்கலாம்," என்றார்.

"எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தீர்.

மரப்பாலம் முடியும் இடத்தில் நின்றோம். கூழைக்கடாப் பறவைகள் சேற்றில் ஆடி ஆடி நடந்தன. நெடுநேரம் பார்த்தீர்.

"அண்ணை இருந்திருந்தால் உதுகளைப்போலை நடந்து காட்டியிருப்பார்."

இருந்திருந்தால் என்று நீர் சொல்லி நான் கேட்டதே இல்லை. உம்முடைய முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தேன். "கீரிமலைக்கு என்னோடை வாறீரோ?" என்று கேட்டீர்.

"வாறன்," என்றேன்.

இறந்த நாள் தெரியாததால், கீரிமலைக் கடற்கரையில் திதி கொடுக்க அமாவாசையன்று போனோம். ஐயர் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?"

"நான்தான் இருக்கிறன் ஐயா," என்றீர்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தர்ப்பையை எடுத்தார். "இறந்தவரின்ரை பேர் என்ன?"

முழுப் பெயரையும் தெளிவாகச் சொன்னீர். எள் கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது. எல்லாம் முடிந்தபின் தேத்தண்ணிக் கடையில் இரண்டு வடை சாப்பிட்டீர். "சரியான பசி," என்றீர்.

அடுத்த வருடம் உம்முடைய மகள் அழைத்தாள். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, உம்முடைய உயிர் எப்போது பிரிந்தது என்று கேட்டேன்.

இன்று ஆற்றில் தண்ணீர் குறைவு. பறவைகளும் அதிகமில்லை. வாசலில் அதே காவலாளி. "உங்களோடை வந்த வெளிநாட்டு அம்மா இந்த முறை வரேல்லையோ?" என்றார்.

அவ அங்கேதான் இருக்கிறா என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். என் தாய் இறந்த பிறகுகூட, தெரியாமல் சுகம் விசாரித்தவர்களுக்கு அப்படித்தான் ஏதேனும் சொல்லித் தப்பியிருக்கிறேன்.

"அவ மோசம் போயிட்டா தம்பி," என்றேன்.

"ஐயோ. நல்ல ஆறுதலா, அவசரமில்லாமல் எல்லாம் பாத்திட்டுப் போனவ."

"ஓம். எதையும் ஆறுதலாத்தான் செய்வா," என்றேன். நான் உட்கார அவர் தன் கதிரையைத் தள்ளிவைத்தார். வெயில் ஏறும்வரை உம்மைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.