‘வாறன்’ என்று பாடிய கசெட்

பாட்டையும் எங்களையும் பாதியில் விட்டுப் போன என் அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது. எத்தனை தரம் அடித்து எழுதுவது? பலெர்மோவில், ஒரேத்தோத் தெருவில் அதே அறையில்தான் இருக்கிறேன். மழை பெய்தால் கீழே உங்கள் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. சத்தியமாகக் கேட்கிறது, அண்ணா. ஜன்னலால் எட்டிப் பார்க்கிற பழக்கத்தை இன்னும் விட முடியவில்லை.

உங்கள் கசெட்டைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அது அழியப் பார்த்தது. பாட்டு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அங்கே உங்கள் பக்கத்தில் நின்று காது கொடுப்பவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொலிதேயாமாப் பக்கம் நீங்கள் துப்புரவு வேலை செய்த வீட்டுக்கார அம்மா, உங்கள் சிஞ்ஞோரா, அவருக்கு ஒரு மகன். எண்பதுகளில் கண்ணுக்கு மை பூசி, தலைமயிரைக் குத்தென நிறுத்தி, மெஷின் மாதிரிக் குரலில் ஒரு நியூ வேவ் பாட்டுப் பாடியவன். அந்தக் கோடை முழுக்கப் பலெர்மோக் கடற்கரையில் அந்தப் பாட்டுத்தானாம். ‘தோர்னோ சூபித்தோ’ என்று திரும்பத் திரும்ப வரும். கடைக்காரர் கோப்பி குடிக்கப் போகும்போது கதவில் கொழுவிவிட்டுப் போகிற மட்டையில் இருக்குமே, ‘உடனே வருகிறேன்’, அதுதான். சூபித்தோ என்றால் உடனே.

அலுமாரி துடைக்கும்போது அந்த இசைத்தட்டைக் கேட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். “எடியேய், உவன் எங்கட சொல்லையெல்லோ பாடியிருக்கிறான்! இப்ப வாறன், இப்ப வாறன் எண்டு!” அடுத்த ஞாயிறே கோயில் கீபோர்ட்டை இரவல் வாங்கித் தமிழில் பாடிப் பதிந்தீர்கள். பிறகு எந்தக் கலியாணவீட்டில் அது இல்லை? எங்கள் உபதேசியாரே காலைத் தூக்கி ஆடினார்.

பெருமையோடு சிஞ்ஞோராவுக்குப் போட்டுக் காட்டினீர்கள். அவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவருடைய புருஷன் மணிக்கூடு திருத்துகிறவர். ஒரு மத்தியானம் அந்த மட்டையைக் கொழுவிவிட்டுப் போனவர், தெருவிலேயே நெஞ்சு அடைத்து விழுந்தார். மூடிய கடையில் மட்டை அப்படியே கிடந்தது. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் மகன் அதைப் பார்த்தபடி போனான். வளர்ந்ததும் அதையே பாட்டாக்கினான். ஊர் முழுக்க ஆடிய பாட்டுக்குள் ஒரு செத்தவீடு இருந்திருக்கிறது.

அந்த மட்டை பொய் சொல்லிவிட்டது என்று சிஞ்ஞோரா அழுதாராம். நீங்கள் துடைப்பத்தை வைத்துவிட்டு, “எங்கட ஊரிலை ஆர் போனாலும் ‘வாறன்’ எண்டுதான் சொல்லுவம், சிஞ்ஞோரா. போறன் எண்டால் ஒரேயடியாப் போயிடுவமோ எண்டு பயம். அது பொய் இல்லை” என்று உங்கள் உடைந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினீர்களாம். அந்தச் சொல்லை நாக்குத் திருந்தும்வரை சொல்லிப் பழகினார் மனுசி.

பிறகு ஒரு மழை நாள் காலை. வாசலில் “வாறன்” என்று சொல்லித்தான் நீங்களும் போனீர்கள். மோட்டார்சைக்கிள் வழுக்கிய தெரு உங்களைத் திரும்பி வர விடவில்லை.

உங்கள் சவப்பெட்டியடிக்கு சிஞ்ஞோரா கறுப்பு உடுத்து வந்தார். நெற்றியில் முத்தம் கொடுத்தார். போகும்போது உங்களைப் பார்த்துத் தெளிவான தமிழில், “வாறன்” என்றார். செத்தவீட்டில் சொல்லாமல் போக வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையே! “ஐயோ, உந்த மனுசி என்ன கதை கதைக்குது” என்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த மாரிக்குள் அவரும் கண்ணை மூடிவிட்டார். தெரியாமல்தான் சொன்னாரா? அங்கே உங்களிடம் வந்து சேர்ந்தாரா?

அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அண்ணிக்குப் பயம். பிரான்காச்சோவில் அண்ணியின் வீட்டில் உங்கள் பாட்டைப் போட்டால் போதும், உங்கள் மகள் அஞ்சலா விளையாட்டை விட்டுவிட்டுக் கதவடிக்கு ஓடுவாள். ஒவ்வொரு தரமும்.

“பாரும் மச்சாள், தேப்பன் வாறார் எண்டெல்லோ பிள்ளை ஓடுது. செத்த மனுசன் வாறன் வாறன் எண்டு கூப்பிட்டால் நான் என்ன செய்ய? இந்தக் கசெட்டுக்கு மேலை செபமாலையைப் பதியப்போறன்,” என்றார் அண்ணி.

மற்றப் பிரதிகள் எல்லாம் சிக்கியும் தேய்ந்தும் போய்விட்டன. உங்கள் குரல் மிஞ்சி இருப்பது அந்த ஒன்றில்தான். அது போனால் நீங்கள் இரண்டாம் தரம் சாவீர்கள். கடைசியாக ஒருக்கால் கேட்கவிடச் சொல்லி அண்ணியின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

உங்கள் குரல் வந்தது. பிள்ளை ஓடினாள். கதவைத் திறந்தாள். நான் பின்னாலேயே போய்க் குந்தி இருந்து, “ஆரம்மா வாறது?” என்று கேட்டேன்.

என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “ஒருத்தரும் வரேல்லை, மாமி. பப்பா வேலைக்குப் போறார். ச்சாவோ சொல்லி அனுப்ப வேணும்.” வெறும் படிக்கட்டைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “பியானோ பியானோ, மெல்லமாப் போங்கோ பப்பா. மழை.”

அண்ணா, நாங்கள் எல்லோரும் அவள் உங்களை வரவேற்க ஓடுகிறாள் என்று அல்லவா நினைத்தோம்! அவளுக்கு ‘வாறன்’ என்பது நீங்கள் காலையில் வாசலில் சொல்லிவிட்டுப் போகிற சொல். வேறு எப்படி அவளுக்குத் தெரியும்? அத்தனை நாளும் அவள் உங்களை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களால் முடியாததை அந்தச் சின்னக் கை செய்துகொண்டிருந்தது.

அண்ணி பதிவுப் பொத்தானில் இருந்த விரலை எடுத்தார். உங்களைப் புதைத்த அன்று கூட அழாத மனுசி, கதவு நிலையில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று அவரும் கையை ஆட்டினார். பாட்டு முடியும்வரை கதவு திறந்தே கிடந்தது.

கசெட் இப்போது என்னிடம் பிஸ்கட் பேணிக்குள் பத்திரமாக இருக்கிறது. அஞ்சலா வளர்ந்ததும் அவள் கையில் கொடுத்து, மணிக்கூட்டுக் கடையின் கதையையும் சொல்லுவேன். இது என் வாக்கு.

செத்தவருக்கு அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. தெரியும். ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

வாறன், அண்ணா. ஆனால் சூபித்தோ இல்லை. பிள்ளை வளரட்டும்.

அஞ்சலாவின் மாமி,
உங்கள் தங்கச்சி