அப்பாவின் நெஞ்சில் ஒரு கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். இந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டு மேலே படி.

தோட்டத்திலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது நான் முதலில் பார்த்தது அவர் கண்களை. விளக்குப் போடாத அறையிலும் கண்மணி இரண்டும் கடுகாய்ச் சுருங்கிக் கிடந்தன. வியர்வையையும் வாயில் வழிந்த எச்சிலையும் பிறகுதான் கவனித்தேன். கூட வந்த மேஸ்திரி வெயில் மயக்கம் என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார். டாக்டரம்மா நாடியைப் பிடித்து, துடிப்பு இவ்வளவு குறைவாக இருக்கிறதே, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். தோட்ட வேலைதான் என்று மேஸ்திரி மழுப்பினார். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' சொல்லவே வாய் வராமல் படிப்பை விட்டவள் நான். அன்றைக்கு எப்படிப் பேசினேனோ தெரியாது.

"பூச்சிமருந்து அடிச்சாரு டாக்டர். ஸ்பிரேயர் முனை அடைச்சுக்கிட்டா வாயில வெச்சு ஊதுவாரு."

அப்புறம் ஒரே ஓட்டம்தான். ஊசிமேல் ஊசி. அது நாடியைத் தூக்கியது, புத்தியைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. சலைன் மாட்டும் கம்பத்தை மாமா என்று நினைத்து, "என்ன மச்சான், இப்படி இளைச்சுட்டீங்க? வீட்ல சோறு போடறதில்லையா?" என்று பகலெல்லாம் விசாரித்தார். நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். மாமாவிடம் சொல்லித் தொலைக்காதே, அத்தை சண்டைக்கு வருவாள்.

மறுநாள் சிரிப்பெல்லாம் நின்றது. விஷம் இதயத்தின் தாளத்தைக் கெடுத்துவிட்டதாம். திடீரென்று தறிகெட்டு ஓடியது, பிறகு விட்டுவிட்டு அடித்தது. கழுத்து நரம்பு வழியாக இதயம்வரை ஒரு மெல்லிய கம்பியை விட்டு, வெளியே சின்னப் பெட்டியோடு இணைத்தார்கள். துடிப்பைத் தந்தது அந்தப் பெட்டிதான். அதில் மினுக்கிய விளக்கைப் பார்த்தபடி கண்சிமிட்டவும் பயந்து உட்கார்ந்திருந்தேன். நினைவு தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போனா நானும் போயிடுவேனா?" பேட்டரியில் ஓடுகிறது என்ற பிறகுதான் சாப்பிட வாய் திறந்தார்.

இன்று கம்பியை எடுத்துவிட்டார்கள். இதயம் தானாகவே அடிக்கிறது அம்மா, தானாகவே. இனிமேல் பூச்சிமருந்துப் பக்கமே போகக்கூடாது, இன்னொரு தடவை நெஞ்சு தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். அப்பாவும் நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினார். சாயங்காலம் தோட்டத்து முதலாளி வந்து, மருந்தடிக்க எப்போது வருவாய் என்று கேட்டதும், அடுத்த வாரமே வந்துவிடுகிறேன் என்கிறார் அப்பா.

"வரமாட்டாரு" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உனக்கு எழுதவே கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. எழுதினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாயாம். நான் உன்னை வா என்று எழுதவில்லை. போனில் அவரை நீயும் ஒரு தடவை நன்றாக அதட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

நான் 'வரமாட்டாரு' என்ற பிறகும் முதலாளி உடனே கிளம்பவில்லை. நான் நாற்காலியை இழுத்து, அவருக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

உன் சின்னவள்