டிக் போடாத கட்டம்

ஈரக் கம்பத்தில் பெல்ட் இல்லாமல் உன்னை ஏற்றிக் கொன்றுவிட்டு, நீ தங்கள் ஆளே இல்லை என்று நெட் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வராது. உனக்கும் பிடிக்காது.

போன வாரம் இடி விழுந்து, நீ நம் வீட்டில் மாட்டிய ரவுட்டர் கருகிப்போனது. அலமாரியில் இன்னும் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். அதே கம்பெனி இன்று காலை புதியதை மாட்டிவிட்டது. மாலையில் சூப்பர்வைசர் வந்து சோதிப்பாராம். போனில் வைஃபை தேடினால் கம்பெனி பெயரும் ஏதோ எண்களும் வருகின்றன. நம் காலனியைக் காணோம். செட்டிங்ஸைத் திறந்து, வயர்லெஸ்ஸில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போனேன். அங்கே அந்தச் சின்னக் கட்டம் இருந்தது: பெயரை மறைக்க.

ஐந்து வீட்டுக்கும் சேர்த்து நீ இணைப்புக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. "எங்க காலனிங்க" என்று பெயர் அடித்தாய். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும் என்று நமக்கு அப்போது தெரியாது. "எங்க காலனி" வரை ஏற்றுக்கொண்டு, மிச்சத்தை ரவுட்டர் தள்ளிவிட்டது. நீ சிரித்தாய்.

"பாத்தியா அம்மணி, 'ங்க' போட எடமில்லீங்குது. நாமதான் வர்றவன் போறவனுக்கெல்லாம் போட்டுட்டுத் திரியறோம்."

வேலைக்கு எழுதிப்போடும்போது முகவரியில் காலனி என்ற சொல்லை வெட்டிவிட்டு, வெறும் பெரியநாயக்கன்பாளையம் என்று எழுதுகிற ஊர் இது. நீ அதை ஊரெல்லாம் போனில் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டாய்.

இரண்டு நாளில் காலனிக்கு எதிரே குடியிருக்கும் ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏப்பா, உங்க வைஃபை பேரு என்ற ஊட்டு ஹால்ல வருது. நாளைக்குப் புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க. அத மறச்சுப்போடு."

"மறைக்கலாமுங்க. அதுக்குன்னே ஒரு கட்டம் இருக்குதுங்க. டிக்குப் போட்டா பேரு தெரியாது, சிக்னல் மட்டும் வரும்."

"அதேதான் வேணும்."

"அதுதானுங்க எங்களுக்கு வேண்டாம். இத்தன காலமா அப்படித்தானுங்க இருந்தோம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே ஓடிவிட்டேன். நீ விடவில்லை. "உங்க நெட்டு திக்குதுங்களா? உங்களுதும் எங்களுதும் ஒரே சேனல்ல முட்டிக்குதுங்க. வேணும்னா எங்களுத மாத்திப்போடறேன்."

சொன்னபடி ஆறாவது சேனலிலிருந்து பதினொன்றுக்கு மாற்றிக்கொண்டாய். அவர் வீட்டு நெட் நன்றாக ஓட ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் போனதும், சிக்னல் வலிமையை மீடியத்திலிருந்து ஹைக்கு ஏற்றினாய். "விருந்தாளிக எல்லாத்துக்கும் தெளிவாத் தெரியட்டும்." காலனியில் அன்று நாம் நடந்த நடையே வேறு.

நீ போன பிறகு, உன் அம்மாவும் நானும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். வேலை செய்யும்போது செத்தான் என்று ஒரு வார்த்தை வாங்கத்தான் போனோம். சூப்பர்வைசர் வெகு மரியாதையாகப் பேசினார். "அந்தப் பேருல எங்ககிட்ட யாரும் இல்லைங்க கண்ணு. அவிய எல்லாம் காண்ட்ராக்ட்டு ஆளுங்க." உன் அம்மா மடியில் உன் டீ-சர்ட் இருந்தது. நெஞ்சுப் பக்கம் அவர்கள் கம்பெனியின் பெயர். மேட்டுப்பாளையம் ரோட்டில் பாதி வீடுகளுக்கு நீ இழுத்த லைனில்தான் சிக்னல் போகிறது. உன் பெயர் மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

அந்த செட்டிங்ஸ் பக்கத்தை இன்று நானே முடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. எங்க காலனி. சேனல் பதினொன்று. பவர் ஹை. புது ரவுட்டரில் இரண்டாவதாக இன்னொரு பெயரும் வைக்கலாம். அதில் உன் பெயரை இனிஷியலோடு அடித்தேன். நல்லவேளை, சின்னப் பெயர், முழுதாக நின்றது. மறைக்கும் கட்டத்தில் இரண்டுக்குமே டிக் போடவில்லை. உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் காலிக் கட்டத்தைத்தான்.

மாலையில் வந்தது அதே சூப்பர்வைசர். வேகத்தைச் சோதிக்கப் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தார். மேலே தள்ளிய விரல் பாதியில் நின்றது.

"இதுல எதுங்க கண்ணு உங்களுது?"

"ரெண்டுமே எங்களுதுங்க. ரெண்டாவதுல போடுங்க."

அவர் தலை நிமிரவில்லை. சமையலறையிலிருந்து உன் அம்மா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் விடவில்லை.

"என்ன பேருங்க வந்திருக்குது? அம்மாவுக்குக் கேக்கற மாதிரி வாய்விட்டுப் படிங்க."