கல்லறைச் சாடித் தண்ணீர்

தொலாத்ஸ், ஜூலை 14

என் செல்ல மகள் தோங்காவுக்கு,

நீ அனுப்பிய கறுப்பு வாளியை அத்தி மரத்தடியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, அதில் கொசு முட்டையிடும் குச்சியையும் நிறுத்தினேன். எட்டாம் வகுப்பில் நின்றவன், என் மகள் போடும் உலகக் கொசு வரைபடத்துக்கு வேலை பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டு ஃப்ரானே சீட்டைக் கலைத்தபடி, "என்னடா யெர்கோ, கொசுவுக்குப் பிரசவம் பாக்குறியாமே!" என்கிறான். குச்சியை இத்துடன் அனுப்புகிறேன். கல்லறைத் தோட்டத்துப் பூச்சாடிகளையும் பார்த்தேன். ஒன்றுமில்லை. உன் அம்மாவின் கல்லறையில் சனிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறேன்.

உன் அப்பா

வியன்னா, ஜூலை 25

அன்புள்ள அப்பா,

குச்சியில் இருந்தது டெங்கு பரப்பும் புலிக்கொசுவின் முட்டைதான். வரைபடத்தில் நம் வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். உங்கள் சொல்லை நம்பிக் கல்லறைத் தோட்டத்தை வெள்ளையாக விட்டிருக்கிறேன். புள்ளி உள்ள இடத்துக்குத்தான் மருந்தடிக்க வருவார்கள். எல்லாச் சாடியையும் பார்த்தீர்கள்தானே? வெயிலில் தொப்பி போடுங்கள்.

தோங்கா

தொலாத்ஸ், ஆகஸ்ட் 30

மகளே,

ஃப்ரானே ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். டெங்கு. அவன் தக்காளித் தோட்டம் கல்லறைச் சுவரை ஒட்டித்தானே. ஈறெல்லாம் ரத்தம். அந்த நிலையிலும், "அழாதடா. படகேறாமலே எனக்கு வெளிநாட்டுக் காய்ச்சல், பெருமைதானே!" என்கிறான்.

நான் பொய் சொன்னேன். சாடிகளைப் பார்த்த அன்றைக்கே அம்மாவின் சாடியில் கொசுப்புழு நெளிந்தது. எழுதினால் தண்ணீருக்குப் பதில் சாடியில் மணலைக் கொட்டிவிடுவார்கள், பூ நிற்காது, "பொண்டாட்டிய மறந்துட்டான்"னு ஊர் பேசும் என்று பயந்தேன். அவளுக்கென்று ஊற்றிய பழைய தண்ணீரைக் கொட்டவும் மனசில்லாமல் மேலே மேலே ஊற்றினேன். நான் பெரிய விஞ்ஞானி.

அப்பா

வியன்னா, செப்டம்பர் 6

அப்பா,

கல்லறைத் தோட்டத்துக்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். மருந்தடிக்க வருவார்கள். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

மணலை நனைத்து வைத்தால் பூ நிற்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தோங்கா

தொலாத்ஸ், செப்டம்பர் 15

மகளே,

ஃப்ரானேயைச் செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். அம்மாவுக்கு இரண்டு வரிசை தள்ளி. அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்துச் சாடிகள் நாற்பத்தொன்றிலும் நானே கடல் மணல் நிரப்பினேன். யாரும் என்னோடு பேசவில்லை, தடுக்கவுமில்லை. கடைசியாக அம்மாவுடையது.

நீ சொன்னது சரி. பூ நிற்கிறது.

அப்பா