மீன்கொத்தியின் பழைய கண்

கடல் அடங்குக. கரை வாழ்க. கலம் ஏறினோர் கரை சேர்க.

செங்கழி நாட்டுக்கு உரியவரும் ஏழு துறைகளின் காவலருமான அரசியார் நீலநங்கையார், தம் உடன்பிறந்த இளவல், முத்தீவுக் கோமான் இளவெயினருக்கு விடுக்கும் திருமுகம். கோமானும், தேவி ஆதிரையாரும், மக்கள் மூவரும் நோயின்றி நெடிது வாழ்க.

தேவியோடும் மக்களோடும் தீவு தீவாய் உலவி வர ஒரு பாய்க்கலம் வேண்டுமென்று இளவல் கேட்க, அக்கையார் தம் துறையில் இரண்டைக் காட்டினார். ஒன்று மீன்கொத்தி, மெல்லிய பலகையால் ஆனது, சிறு காற்றுக்கும் பறப்பது. மற்றது கருங்குன்று, அகன்று கனத்தது, அதன் பெரும்பாயை ஏற்றவே நால்வர் வேண்டும். சுமையின்றி ஓடிய மீன்கொத்தியைக் கண்டு மயங்கிய இளவல், கருங்குன்று என்ன கலமா, மிதக்கிற மாட்டுத்தொழுவமா என்று நகையாடியதும், அக்கையாரும் சேர்ந்து சிரித்ததும் மறந்திராது. இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இளவல் ஊர் திரும்பியபின் அக்கையார் மனம் கேளாமல், ஒரு குடும்பம் உண்ணும் அரிசியும் தண்ணீர்ச் சாடிகளும் விறகும் இரண்டிலும் ஏற்றச் சொன்னார். எந்தக் கலமும் தன் மொத்த எடைக்கு ஈடான நீரை ஒதுக்கித்தானே மிதக்கிறது? அகன்ற கருங்குன்று முன்பே பெருமளவு நீரை ஒதுக்கி அமர்ந்திருந்தது; இந்தச் சுமை அதற்குக் கொசுறு, இரு விரல் தாழ்ந்து நின்றுவிட்டது. மீன்கொத்திக்கோ அதே சுமை தன் உடம்பில் பாதி. முகப்பில் தீட்டிய கண் நீருக்குள் போயிற்று. அந்தக் கண் மூழ்கச் சுமை ஏற்றலாகாது என்பதற்கே நம் முன்னோர் கலத்துக்குக் கண் வைத்தனர்.

அரசியார் அஞ்சி, கலத்தைத் திருத்துக என்றார். துறைத் தச்சர் கொற்றனாரும் திருத்தினார், கண்ணை. பழைய கண்மேல் கரி பூசி, ஒரு சாண் மேலே புதுக்கண் தீட்டிவிட்டு, இப்போது நன்றாய்த் தெரிகிறதே தாயே, கோமான் கேட்டபடி இன்று காலையே அனுப்பியும் விட்டேன் என்று மகிழ்ந்து நின்றார்.

வெறுங்கலமாய் வருவதால் மீன்கொத்தி அழகாகவே வந்து சேரும். அச்சமெல்லாம் அதுதான். பிள்ளைகள் கைகொட்டி ஓடி வருவார்களே.

கருங்குன்று பின்னே வருகிறது, மெல்லத்தான் வரும். புயல் துரத்தினால் ஓடித் தப்பாதே என்ற கலக்கமும் அரசியாருக்கு இல்லாமலில்லை. ஆயினும் அலை எற்றும்போது தாய்மடியிலிருந்து பிள்ளை தெறிக்காது.

ஆகவே அரசியாகப் பணிப்பதும் அக்கையாகக் கெஞ்சுவதும் ஒன்றே. சொன்னால் இளவல் நம்பார், கண்டு நம்புக. மீன்கொத்தியின் முகப்பிலுள்ள கரியைச் சுரண்டுக. சுமை முழுதும் ஏற்றுக. பழைய கண் நீருக்கு மேலே விழித்திருந்தாலன்றி, மக்கள் மூவரில் ஒருவர் காலும் அதில் படலாகாது.

இலச்சினை கோணி விழுந்திருப்பது கண்டு ஓலையை ஐயுற வேண்டா. அதை ஒற்றியது அக்கையின் கைதான், ஓலை விரைந்து சேர வேண்டுமென்ற அவசரத்தில்.